வீடு நிறைந்தால் மட்டும் போதுமா?
(வானொலி வேளாண் உரை)



இது மாசி மாதம். நம் தருமபுரிச் சீமையில் மானாவாரிக்காரர் வீடு நிறைந்திருக்கும் காலம். புரட்டாசியில் வந்த சாமை ஒரு மூலையில். ஐப்பசியில் பிடுங்கிய நிலக்கடலை ஒரு மூலையில். மார்கழியில் அடித்த கேழ்வரகு, தை மாதத்தில் வந்த கொள்ளு, அவரை, துவரை எல்லாம் மூட்டை மூட்டையாக. இனிப் புளியும் வந்து சேரும். "மகசூல் நல்லா இருக்குதுங்க, வீட்ல கால் வைக்க இடமில்லை" என்று சொல்வதைக் கேட்க எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் இருக்கும் கொள்ளு மூட்டைகளில் எது போன வருஷத்தது, எது அதற்கும் முந்தினது என்று இப்போதே சொல்ல முடியுமா?

பென்னாகரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா ஒருவர் மோர் கொடுத்துவிட்டு, "சார், கொள்ளு மூணு மூட்டை கெடக்குது. மேலே கைவெச்சா நல்லாத்தான் இருக்குது. அடியிலே மாவாக் கொட்டுது. என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டார். மூட்டைகளை இறக்கிப் பார்த்தோம். புது மூட்டை மேலே, பழசு அடியிலே. மூன்று வருஷமாக மேலே இருப்பதையே எடுத்துச் சமைத்திருக்கிறார்கள். அடி மூட்டையில் ஓட்டை விழுந்த தோலும் மாவும் வண்டும்தான் மிச்சம். மாடுகூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மழையை நம்பி விதைத்து, களை எடுத்து, அறுத்து, அடித்துச் சேர்த்தது எல்லாம் வண்டுக்குப் போயிற்று. அந்த மூட்டைக்கு மருந்து கிடையாது. அடுத்த மூட்டைக்கு வழி உண்டு. இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

குதிர் சொல்லும் பாடம்

"எதுக்கு இவ்வளவு சேர்த்து வெக்கிறீங்க?" என்று நான் கேட்க மாட்டேன். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில், நம் பகுதி அப்போது சேர்ந்திருந்த சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவ்வளவு தூரம் போவானேன்? 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டதை நாமே பார்த்தோம். வானம் பார்த்த பூமியில் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் நம் பாட்டன்மார் சேர்த்த முறை வேறு. பழைய மண் குதிரை நினைத்துப் பாருங்கள். தானியத்தை மேல் வாய் வழியாகக் கொட்டுவார்கள். எடுப்பது அடியில் உள்ள சின்னத் துவாரம் வழியாக. முதலில் போனது முதலில் வெளியே வந்துவிடும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்று சாக்கும் பிளாஸ்டிக் டிரம்மும் வந்துவிட்டன. அவற்றுக்கு ஒரே வாய். போடுவதும் மேலே, எடுப்பதும் மேலே. அதனால் அடியில் கிடப்பது கிடந்தே போகிறது. குதிர் தானாகச் செய்த வேலையை இப்போது நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே முதல் வேலை: ஒரு நாள் ஒதுக்கி, எல்லா மூட்டையையும் வெளியே இறக்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் கரியாலோ சாயத்தாலோ வருஷத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். பழையது தீராமல் புதியதை அவிழ்ப்பதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் ஒரே சாக்கில் கலக்கவே கூடாது. பழசில் இருக்கும் பத்து வண்டு போதும், புதியதையும் தின்று முடிக்க.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

எல்லாத் தானியமும் ஒன்றல்ல. கேழ்வரகு நீண்ட நாள் தாங்கும். அதன் மணி மிகச் சிறியது. பூச்சி உள்ளே புகுந்து வளர இடம் போதாது. நன்றாகக் காய்ந்திருந்தால் வருஷக் கணக்கில் கெடாது. மைசூர்ப் பக்கத்தில் தரைக்குள் குழி வெட்டி வருஷக் கணக்கில் கேழ்வரகைக் காத்திருக்கிறார்கள். ஆனால் மாவாக அரைத்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும். கசப்பும் சிக்கு வாடையும் வந்துவிடும். ஆகவே தேவைக்கு மட்டும் அரையுங்கள். சாமையும் அப்படித்தான். உமியோடு இருக்கும்வரை கவலையில்லை. அரிசியாகக் குத்திவிட்டால் சீக்கிரம் செலவழித்துவிட வேண்டும்.

பயறு வகை காத்திருக்காது. பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை. வயலில் முற்றிய காயின் மேலேயே முட்டையிட்டு, நம் வண்டியிலேயே ஏறி வீட்டுக்கு வருகிறது. ஒரு தாய் வண்டு எண்பது முட்டை வரை இடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். கணக்குப் போடுங்கள். முதல் மாதம் 80. அதில் பாதி பெண் என்றால் இரண்டாம் மாதம் 3,200. மூன்றாம் மாதம் 1,28,000. எல்லாமே பிழைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோவில் சுமார் முப்பதாயிரம் கொள்ளு மணிதான் இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் சுத்தமாகத் தெரிந்த மூட்டை சித்திரையில் மாவாக உதிர்வது இதனால்தான்.

எவ்வளவு வைக்கலாம்?

ஐந்து பேர் உள்ள வீட்டில் தினம் ஒரு வேளைக் களிக்கு ஒரு கிலோ கேழ்வரகு என்று வையுங்கள். வருஷத்துக்கு 365 கிலோ, அதாவது நூறு கிலோ மூட்டையில் மூன்றரைக்கு மேல். அடுத்த ஆடியில் மழை ஏமாற்றினால், அதற்கு அடுத்த மார்கழி வரை புது கேழ்வரகு கிடையாது. அதற்காக இன்னும் பாதி சேர்த்து ஐந்தரை மூட்டை வைத்துக்கொள்ளலாம். 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வருவதால் அதற்கு மேல் தேவைப்படாது. வறட்சிக்குச் சேமிப்பதைக் கேழ்வரகாகச் சேமியுங்கள், கொள்ளாகச் சேமிக்காதீர்கள்.

பயறு எல்லாம் சேர்த்துத் தினம் கால் கிலோ செலவானால் வருஷத்துக்கு 90 கிலோ. அதில் மூன்று மாதத்துக்கு உரியதை மட்டும் முழுப் பயறாக வையுங்கள். துவரையையும் அவரையையும் பங்குனிக்குள் பருப்பாக உடைத்துவிடுங்கள். நம் தாய்மார்கள் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைக்கும் பழக்கம் மிக நல்லது. முழுப் பயறில் ஏறுகிற அளவுக்குப் பருப்பில் வண்டு ஏறாது.

இதற்கு மேல் இருப்பதை, சுத்தமாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். "விலை ஏறட்டும்" என்று காத்திருந்து, ஓட்டை விழுந்த பயறை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பவர்கள் அதிகம். விலைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமென்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேளுங்கள். கேழ்வரகுக்கும் வழி பிறந்திருக்கிறது. 2023 மே மாதம் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதற்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் விவசாயிகளிடமிருந்தே ஆதார விலைக்குக் கொள்முதல் செய்தது. 2022-23 பருவத்துக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். இந்தப் பருவத்து விலையை விற்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்

காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி தானியமும் ஒரு சிட்டிகை காய்ந்த தூள் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் இன்னும் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். பிறகு நிழலில் ஆறவிட்டு மூட்டை கட்டுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வேர்த்து, காய்ந்த தானியமும் பூத்துவிடும்.

வண்டு தொட்ட சமையல் பயறுக்கு நம் வெயிலே மருந்து. கறுப்புத் தாளில் மெல்லிசாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்தால் உள்ளே ஏறும் சூட்டில் வண்டும் புழுவும் செத்துவிடும். புடைத்து ஆறவிட்டு, பானையில் போட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்புங்கள். இந்தச் சூடு விதைக்கு ஆகாது. முளைப்பு கெடும். விதையைத் தனியாக எடுத்து, வேப்பங்கொட்டைத் தூள் கலந்து வையுங்கள்.

மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால் எலி ஒளியாது, பூனையும் நுழையும்.

புளியையும் கடலையையும் பிரியுங்கள்

புளியங்கொட்டையைத் துளைக்கும் வண்டும் கடலைக்காயைத் துளைக்கும் வண்டும் ஒரே ஜாதிதான். கொட்டையோடு புளியைக் கொண்டுவந்து கடலை மூட்டை பக்கத்தில் வைத்தால், விருந்தாளியை நாமே அழைத்து வந்தது போல. புளியைக் களத்திலேயே தட்டி, கொட்டையும் நாரும் நீக்கி, உப்புப் போட்டு மண்பானையில் அடையுங்கள்.

நிலக்கடலையில் இன்னொரு ஆபத்து. ஐப்பசி மழையில் நனைந்து சரியாகக் காயாத கடலையில் பச்சை, மஞ்சள் நிறத்தில் பூஞ்சாணம் பூக்கும். அது அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிக் கிராமங்களில், மழையில் நனைந்து இப்படிப் பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு ஈரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வீட்டில் இருப்பதை வீணாக்கக் கூடாது என்று சாப்பிட்ட ஏழைகள் அவர்கள். ஆகவே பூத்த கடலையை நீங்களும் தின்ன வேண்டாம், பால் மாட்டுக்கும் போட வேண்டாம். விஷம் பாலிலும் இறங்கும். கடலைக்காயைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்கும்வரை காயவைத்து, தொலியோடு வையுங்கள்.

மாத்திரை வேண்டவே வேண்டாம்

கடைசியாக ஒன்று. "மூட்டைக்கு நடுவிலே ஒரு மாத்திரை வெச்சா போதுமாமே?" என்று பலர் கேட்கிறீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் நச்சுப்புகை விடும். மூட்டை உள்ள அறையிலேயே பிள்ளைகள் படுத்திருந்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் புகைக்கு மாற்று மருந்தே கிடையாது. கிடங்குகளில், அதற்கென்று அனுமதி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது அது. அதேபோல், முன்பு பலர் தூவிய பி.எச்.சி. பொடியை அரசே 1997இல் தடை செய்துவிட்டது. பழைய டப்பா பரணில் கிடந்தால் தானியத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். வண்டு தின்றால் போவது ஒரு மூட்டை. மருந்து தவறினால் போவது உயிர்.

பெருமக்களே, இந்த வாரமே மூட்டைகளை இறக்குங்கள். எண்ணுங்கள், எழுதுங்கள், காயவையுங்கள். பழையதை முன்னால் வையுங்கள். மிஞ்சியதை வண்டு வருமுன் விற்றுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஒரு கைப்பிடி தானியத்தோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அந்தப் பெரியம்மா வீட்டில் இப்போது ஒவ்வொரு சாக்கிலும் கரியால் வருஷம் எழுதியிருக்கிறது. எழுதியது பள்ளிக்கூடம் போகும் பேத்தி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கரித்துண்டைக் கொடுங்கள்.