எல்லை வேலியும் அயலவர் உரிமையும்



எமது ஊர்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை இங்கு நினைவூட்ட விரும்புகின்றேன். இரு வளவுகளுக்கு இடையில் ஒரு பலாமரம். நோன்பு காலத்தில் இந்த வீட்டுக் கஞ்சி அந்த வீட்டுக்குச் செல்லும். பெருநாளில் அந்த வீட்டுப் பலகாரம் இந்த வீட்டுக்கு வரும். ஒருநாள் பலாப்பழம் விழுந்து அயல்வீட்டுக் கூரை ஓடு உடைகின்றது. ஒரு கடுஞ்சொல் பிறக்கின்றது. அடுத்த முறை வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் நகர்கின்றது. பின்னர் கஞ்சி நின்றுவிடுகின்றது. ஈற்றில், ஒரே ஸப்பில் தோளோடு தோள் நின்று தொழுத இருவர் ஸலாமும் கூறாது கலைந்து செல்கின்றனர்.

சகோதரர்களே! ஒரு சாண் நிலம் அற்பமானதா? பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக அபகரித்தவனுக்கு, மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றுள்ளது. நில எல்லை அடையாளங்களை மாற்றுபவன் அல்லாஹ்வின் சாபத்துக்குரியவன் என்பதும் முஸ்லிம் கிரந்தத்தில் வரும் எச்சரிக்கையாகும்.

இளைஞர்களே! கதியாலை நகர்த்தி நடுமாறு வீட்டுப் பெரியவர்கள் கூறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெற்றோருக்குப் பணிதல் கடமையே. எனினும் அல்லாஹ்வுக்கு மாறு செய்யும் விடயத்தில் எவருக்கும் கட்டுப்படுதல் இல்லை. “வாப்பா, முதலில் உறுதியைப் பார்ப்போம், நில அளவையாளரை அழைப்போம்” என மரியாதையுடன் கூறுங்கள். தந்தையின் கழுத்தில் அந்தச் சுமை ஏறாமல் தடுப்பதும் மகனின் பணிவிடையே.

இனி மரத்தின் விடயத்துக்கு வருவோம். மரம் நடுதல் தர்மமாகும். அதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் நட்டவருக்கு நன்மை உண்டு. ஆயினும் அந்த நன்மை அயலவரைத் துன்புறுத்துவதற்கு அனுமதியாகாது. நபி (ஸல்) அவர்களது காலத்தில் ஒரு தோழருக்குச் சொந்தமான பேரீச்சமரம் ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் நின்றது. அவர் வந்து போவது அக்குடும்பத்துக்குச் சிரமத்தை ஏற்படுத்தியது. மரத்தை விற்குமாறும், மாற்றிக்கொள்ளுமாறும், அன்பளிப்புச் செய்யுமாறும் நபியவர்கள் கேட்டும் அவர் இணங்கவில்லை. ஈற்றில் அம்மரத்தை அகற்றிவிடுமாறு அன்ஸாரிக்குப் பணித்தார்கள். அபூதாவூதில் வரும் இச்சம்பவத்தின் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தீங்கு செய்தலும் பதிலுக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற பொதுவிதியை அது நன்கு விளக்குகின்றது.

அந்த விதிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. கிளை அயல் வளவுக்குள் நீண்டால், அதனை அகற்றுவது மரத்தின் உரிமையாளரது பொறுப்பு. அவர் மறுத்தால், அயலவர் கிளையைத் திருப்பிக் கட்டலாம். அது இயலாதவிடத்து, தமது பக்கம் நீண்ட பகுதியை மாத்திரம் வெட்டலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கமாகும். ஆனால் அக்கிளையில் உள்ள கனி மரத்துக்குரியவருக்கே சொந்தம். இரவோடிரவாக மரத்தின் பட்டையை உரிப்பதும், வேரில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பதிலுக்குத் தீங்கு செய்வதன்றி வேறென்ன?

மேலும், நாட்டின் சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மரங்களைப் பாதுகாக்கின்றது. இவை பஞ்ச காலத்திலும் மக்களுக்கு உணவளிப்பவை. சிங்களச் சகோதரர்கள் பலாவைச் சோற்று மரம் என்றே அழைப்பர். ஆகவே மரம் எமது சொந்த வளவில் நின்றாலும், அனுமதிப்பத்திரம் இன்றி அதனைத் தறிக்க இயலாது. மரம் ஆபத்தாகச் சாய்ந்திருப்பின் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பிணக்கு ஏற்பட்டால் முதலில் நேரில் சென்று பேசுங்கள். கோபம் தணிந்த பின்னர் செல்லுங்கள். எல்லையில் ஐயமிருப்பின் இரு வீட்டாரும் செலவைப் பகிர்ந்து நிலத்தை அளந்துகொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் பள்ளிவாசல் பெரியவர்களையோ, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையையோ நாடுங்கள். மத்தியஸ்த சபைக்குச் சட்டத்தரணி தேவையில்லை. வழக்கு மன்றம் கடைசி வழியாகவே இருக்கட்டும். அயலவர் தமிழராயினும் சிங்களவராயினும் இதே ஒழுங்கே உரியது. அல்குர்ஆன் உறவினரான அயலவருக்கும் அந்நியரான அயலவருக்கும் நன்மை செய்யுமாறே பணிக்கின்றது.

பெற்றோர்களே! திங்கள், வியாழன் தினங்களில் அடியார்களுக்கு மன்னிப்பு வழங்கப்படுகின்றது. பகைத்திருக்கும் இருவரது விடயம் மட்டும் அவர்கள் சமாதானமாகும் வரை பிற்படுத்தப்படுகின்றது என்பது நபிமொழியின் கருத்தாகும். ஒரு சாண் மண்ணுக்காக எத்தனை திங்கட்கிழமைகளை நாம் இழந்துவிட்டோம்? நாம் மரணிக்கும்போது அந்த வேலியை எம்முடன் கொண்டு செல்லப்போவதில்லை. எமது ஜனாஸாவைச் சுமக்க முதலில் ஓடி வருபவரோ அதே அயலவர்தான். இன்றே அவரது வாசலுக்குச் சென்று ஸலாத்தைக் கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.

வல்ல அல்லாஹ் எமது எல்லைகளில் நீதியையும் எமது அயலில் அன்பையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.