ஈயமும் இரத்த வெள்ளணுக்களும்

மனிதன் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் உலோகங்களுள் ஈயமும் ஒன்று. குழாய், வர்ணம், மோட்டார் பாட்டரி முதலியவற்றில் அது இடம் பெற்றுள்ளது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் விலக்கப்படும் வரையில் பெட்ரோலிலும் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டு வந்தது. பெங்களூரில் ஒக்கலிபுரம் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்தோர், அந்நாளில் வண்டிப் புகையோடு ஈயத்தையும் சுவாசித்தனர்.

ஜார்ஜ் பவுண்டேஷன் என்னும் நிறுவனம் பெங்களூர், சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடத்திய இரத்தப் பரிசோதனையின் முடிவுகள் 1999-இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் காணப்பட்டது.

ஈயம் மூளையைத் தாக்கும் என்பது பலரும் அறிந்ததே. நோயை எதிர்க்கும் ஆற்றலையும் அது குலைக்கும் என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

நோய்க் கிருமி உடலினுள் புகுந்ததும், அதன் துணுக்குகளை டி அணு எனப்படும் வெள்ளணு அடையாளம் காண்கிறது. உடனே அவ்வணுவினுள் கால்ஷியத்தின் அளவு உயர்கிறது. இவ்வுயர்வே செய்தியாகும். இதனால் என்ஸைம்கள் சில செயற்படத் தொடங்குகின்றன. உட்கருவிலுள்ள மரபணுக்கள் தூண்டப்பெறுகின்றன. அணு, சைட்டோகைன் என்னும் பொருள்களைச் சுரந்து ஏனைய அணுக்களைப் போருக்கு ஏவுகிறது.

ஈய அயனி, கால்ஷிய அயனியைப் போன்றே இரட்டை நேர் மின்னேற்றம் உடையது. பருமனிலும் அதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஆகவே அது கால்ஷியம் செல்லும் வழியே அணுவினுள் நுழைந்து, கால்ஷியம் அமரவேண்டிய புரதங்களிலும் அமர்ந்துவிடுகிறது. கள்ள முத்திரையிட்ட உத்தரவு அலுவலகத்தில் விளைவிக்கும் குழப்பத்தை இது அணுவினுள் விளைவிக்கிறது.

ஈயம் ஊட்டப்பெற்ற சுண்டெலிகளில், அணுக்களினுள் ஒளிந்து வாழும் கிருமிகளை ஒழிக்கத் துணைபுரியும் இன்டர்பெரான்-காமா குறைகிறது. ஒவ்வாமையோடு தொடர்புடைய இன்டர்லூகின்-4 மிகுகிறது. அவ்வெலிகள் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவுக்கு எளிதில் இரையாயின. பிற உலோகங்களின் வழி வேறு: காட்மியம் துத்தநாகத்தின் இடத்தைக் கவர்கிறது, பாதரசம் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது.

பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியும் கவலை முற்றிலும் தீரவில்லை. உடலில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்குகிறது. சிறுமியாய் இருந்தபோது சேர்ந்த ஈயம், அவள் தாயாகும் காலத்தில் எலும்பினின்று வெளிப்பட்டுக் கருவையும் சென்றடையக்கூடும். தீங்கற்றது என்று கொள்ளத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. எனினும், பழைய சுவர்களில் உரியும் வர்ணத்தில் அது இன்றும் இருக்கலாம். அத்தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். உண்ணுமுன் குழந்தைகளின் கைகளைக் கழுவுதல் வேண்டும். பழைய பாட்டரிகளை வீட்டருகே உடைத்தலாகாது. பால், கேழ்வரகு போன்ற கால்ஷியம் மிக்க உணவும், இரும்புச் சத்தும் போதிய அளவு கிடைக்கும் குழந்தையின் குடல், ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும்.