சவுண்ட் ஹார்ன்

நாமக்கல்லுக்குப் புது லாரிகள் பல வெறும் சேஸிஸாகத்தான் வந்து சேரும். பாடி பட்டறையில் கேபின் கட்டி, பலகை அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு எழுத்து எழுதுகிறவர் தூரிகையோடு வருவார். நெற்றியில் குலசாமி பெயர், தமிழில். முதுகில் எச்சரிக்கை, ஆங்கிலத்தில். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வண்டிகள், அதாவது டி.என். 28, 34, 52, நாடு முழுக்க ஓடுகிறவை. குலசாமிக்குத் தமிழ் போதும். நாக்பூரில் பின்னால் வருகிறவருக்குப் போதாது.

ஆபத்தை விலக்கும் ஆங்கிலத்தைப் பார்த்துவரும் இந்தத் தொடரில் இந்த வாரம் அந்த முதுகைப் படிப்போம்.

'சவுண்ட் ஹார்ன்' என்பதில் 'சவுண்ட்' ஏவல். ஒலிக்கச் செய், அதாவது ஹார்ன் அடி. ஊரெல்லாம் ஹார்ன் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருக்க, லாரி மட்டும் ஏன் கேட்டு வாங்குகிறது? லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டால் ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கண்ணாடிகள் காட்டுவது பக்கவாட்டை மட்டும்தான். வாலை ஒட்டி வரும் பைக் அவரைப் பொறுத்தவரை சாலையிலேயே இல்லை. கிளீனர் இடப்பக்கம் தலையை நீட்டி, "வண்டி வருதுங்கண்ணா" என்று குரல் கொடுத்த காலம் ஒன்று உண்டு. இன்று பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. ஆகவே, 'எனக்குத் தெரியாது, நீயே சொல்லிவிட்டு வா' என்று அந்த முதுகு கேட்டுக்கொள்கிறது. மரியாதைக்காக எழுதியதாக நினைத்தால் தப்பு. இயலாமையை ஒப்புக்கொண்டு எழுதியது.

வடக்கே இதற்கு அண்ணன்: 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்'. நடுவில் அந்த 'ஓகே' எப்படி நுழைந்தது என்பதற்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்து மண்ணெண்ணெய் வண்டி, டாடாவின் ஓகே சோப்பு என்று பல கதைகள். எதையும் நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். 2015-ல் மகாராஷ்டிர அரசு, தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கத் தூண்டுகிறது என்று அந்த வாசகத்துக்கே தடை போட்டது. நான்குவழிச் சாலைக்கு அது நியாயம். ஒரே தடத்தில் லாரியைத் தாண்டவேண்டிய ஊர்ச்சாலைக்கு எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

'கீப் டிஸ்டன்ஸ்': தள்ளி வா. எவ்வளவு தள்ளி என்று எழுத இடமில்லை, கணக்கு நாம் போடவேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 17 மீட்டர் நகர்ந்துவிடும். முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து நம் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு விநாடி தீர்ந்துபோகும். தொப்பூர் இறக்கத்தில் பத்தடி இடைவெளியில் வருகிறவர் எந்த மொழியில் எழுதினாலும் படிக்கப்போவதில்லை. அதனால்தான் எழுத்துக்குக் கீழே குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. காரோ பைக்கோ லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. எழுத்தை நம்பாதவர்கள் போட்ட சட்டம்!

நாமக்கல்லின் இன்னொரு பெருமை கேஸ் டேங்கர். தென்மண்டல எல்பிஜி டேங்கர் உரிமையாளர் சங்கம் இயங்குவது இங்கிருந்துதான். எரிபொருள் டேங்கர்களில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. 'கரெக்ட்' என்றால் சரி, 'இன்கரெக்ட்' என்றால் தப்பு. அதே கணக்கில் 'ஃப்ளேமபிள்' தீப்பற்றும், 'இன்ஃப்ளேமபிள்' தீப்பற்றாது என்று அரைகுறை ஆங்கிலம் சொல்லித் தரும். உண்மையில் இரண்டும் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். இங்கே 'இன்' லத்தீனில் 'உள்ளே' என்ற பொருளில் வந்தது. உயிரோடு விளையாடும் குழப்பம் என்பதால் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே, 'இன்'னை வெட்டிவிட்டு எழுதுங்கள் என்று வற்புறுத்தத் தொடங்கியது. நம் டேங்கர்களில் பழைய சொல் இன்னும் ஓடுகிறது.

கேஸ் டேங்கரின் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட பலகையும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கிற பலகை அது. அதில் 1075 என்ற எண் இருந்தால் உள்ளே திரவ பெட்ரோலிய வாயு. மேலே உள்ள குறியீட்டில் 2 என்றால் தண்ணீரைப் பூஞ்சாரலாக அடிக்கவேண்டும். அது தீயணைப்புக்காரருக்கு. கடைசியில் நிற்கும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து அக்கம்பக்கத்தில் இருக்கும் நமக்கும் சேர்த்து: ஆட்களை அப்புறப்படுத்துவதை யோசி. கவிழ்ந்த டேங்கரைச் சுற்றிச் செல்போனோடு கூடும் கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால்கூடப் போதும்.

(அடுத்த வாரம்: மின்மாற்றி வேலியில் தொங்கும் மண்டையோடு)