பாட்டி சொன்ன பொருள்

தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை வாங்கப் பாட்டியுடன் காஞ்சிபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பொத்தேரி ஸ்டேஷனில் கல்லூரிப் பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். பெண்கள் பெட்டி அல்லவா? பாட்டி தைரியமாகப் புடவைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள்.

ஒரு பெண் தலைப்பைத் தடவிப் பார்த்து, "ஆகா, என்ன டெக்ஸ்சர்!" என்றாள்.

"அப்படியென்றால் என்னம்மா?"

அவள் விழித்தாள். "தொட்டால் கைக்குத் தெரிகிறதே, அதுதான் பாட்டி."

"நெசவு நன்றாயிருக்கிறது என்று சொல்லேன்!"

"நெசவு மட்டுமா? கேக்குக்கும் டெக்ஸ்சர் உண்டு, சங்கீதத்துக்குக்கூட உண்டு!"

பெண்கள் சிரித்தார்கள். பாட்டியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன படித்தவளா?" என்று பொட்டலத்தைக் கட்டினாள். நெசவாளர் வீட்டில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தறிக்குத் தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். என்ன ஆச்சரியம்! 'டெக்ஸ்சர்' லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல்; அங்கே அதற்கு நெசவு என்றே பொருள். 'டெக்ஸெரே' என்றால் நெய்வது. துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்', பாடத்தைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' எல்லாம் அதன் உடன்பிறப்புகள். கேக்கும் சங்கீதமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

நம் தமிழ் மட்டும் சளைத்ததா? நூல் என்றால் இழை, புத்தகமும் நூல்தான். தறியில் நீளவாட்டில் ஓடுவது பா; செய்யுளும் பா. புறநானூற்றில் நூற்கும் பெண்ணின் கைப் பஞ்சுக்குப் பனுவல் என்று பெயர். பிற்பாடு புத்தகமும் பனுவலாயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சொல்தான் பஞ்சு, புலவனின் வாய்தான் கை, அறிவுதான் கதிர் என்றார். அந்தப் புலவன் யாரைப் போன்றவனாம்? நூல் நூற்கும் பெண்ணைப் போன்றவனாம்!

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். புடவையை விரலிடுக்கில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியானால் நானும் நூல் படித்தவள்தான் என்று சொல்லு!" என்றாள். உடனே விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்கே பார், ஓர் இழை விட்டுப்போயிருக்கிறது."

கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். இருந்தது. எழுத்துப் படிக்காத பாட்டி அச்சுப் பிழை கண்டுபிடித்துவிட்டாள்!