ஒண்ணு சுத்துது... இன்னொண்ணு சும்மா நிக்குது!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் எல்.எஸ்.டி. என்று வந்தால் போதை மருந்தோ என்று பதறாதீர்கள். 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' என்பதன் சுருக்கம் அது. பிக்கப் வாங்கப் போகிறவர் ஷோரூமில் இதைக் கேட்கிறார். கூடவே 'லாக்கர்' என்று இன்னொன்றையும் கேட்கிறார் (நகை வைக்கிற லாக்கர் இல்லை, ஸார்!). இரண்டுக்கும் பலமாகத் தலையாட்டிவிட்டு, கடைசியில் வண்டியின் கலரைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்.

அடியேன் பி.காம். எனக்குத் தெரிந்த 'டிஃபரன்ஸ்' எல்லாம் டிரையல் பாலன்ஸில் உதைப்பதுதான். ஆனாலும், கணக்காகப் போட்டுப் பார்த்தால் இது புரியாத சமாசாரமே இல்லை.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகணும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி, ஒவ்வொரு வளைவும் சரியான அரைவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு 4.7 மீட்டர் வித்தியாசம் வரும். எழுபதையும் கூட்டினால் கிட்டத்தட்ட 330 மீட்டர்! இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால், அவ்வளவையும் டயர் ரோட்டில் தேய்த்தே தீர்க்கணும். அது வேண்டாம் என்றுதான் பின் ஆக்ஸிலின் நடுவே, குடம் மாதிரி உப்பிக்கொண்டிருக்கிற இடத்துக்குள் டிஃபரன்ஷியலை வைத்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது சமபங்கு பார்ட்னர்ஷிப்! ஒரு சக்கரத்துக்கு எவ்வளவு முறுக்கு விசையோ, அதேதான் மற்றதற்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றுகிறதா? அதைச் சுற்ற எத்தனை சொற்ப பலம் போதுமோ, அத்தனை சொற்பம்தான் கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும். உழைக்கத் தயாராக நிற்கிற பார்ட்னர் பேந்தப் பேந்த விழிக்க, ஊதாரி பார்ட்னர் இன்ஜின் பலத்தையெல்லாம் ஊதித் தள்ளுவார். பிக்கப்பில் இந்தக் கூத்து அதிகம். காலி வண்டியில் பின்பக்கம் எடையே இருக்காது. சின்னப் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கினாலே போச்சு!

சேந்தமங்கலத்தில் என் மாமா ஒருவர் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிறவர். கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை. போன மழையில், தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, லோடோடு வண்டி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நின்றுவிட்டது. டிராக்டர் வாடகை, ஆள் கூலி, குறைந்த பாயிண்ட்... "அடுத்த வண்டியில அந்த எழவ என்னன்னு கேட்டுப் போட்டுத்தான் வாங்கோணும்" என்று சபதமே போட்டார்.

என்னென்ன உண்டு? முதலில் எல்.எஸ்.டி. 1930-களில் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களின் சக்கரம் சுற்றி வீணாகிறதே என்று போர்ஷே கவலைப்பட்டு, இஸட்.எஃப். கம்பெனியிடம் செய்து தரச் சொன்ன ஐட்டம். உள்ளே கிளட்ச் பிளேட்டுகள். ஒரு சக்கரம் ஓவராக ஆடினால் அழுத்திப் பிடித்து, பலத்தில் ஒரு பகுதியை அடுத்ததற்குத் தள்ளும். ஈர ரோடு, சரளை, புல்தரை என்றால் பிரமாதம். ('மை கஸின் வின்னி' என்ற 1992 ஹாலிவுட் படத்தில் ஒரு கொலைக் கேஸே இதில்தான் உடையும். ரோட்டில் இரண்டு டயர் தடமும் சமமாக விழுந்திருப்பதை வைத்துக் கதாநாயகி கோர்ட்டில் விளாசுவார்!) பிளேட்டுக்குப் பதில் பல்சக்கரங்களை வைத்த வகையும் உண்டு. அது பிடிப்புள்ள சக்கரத்துக்கு இரண்டு மூன்று மடங்காகப் பெருக்கிக் கொடுக்கும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! பிரேக்கை லேசாக அழுத்தி ஏமாற்றிக் கிளப்பணும்.

லாக்கர் என்றால் கறார் பேர்வழி. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகப் பூட்டிவிடும். ஒன்று தொங்கினாலும் மற்றது முழு பலத்தோடு இழுக்கும். இதில் ஸ்விட்ச் போட்டுப் பூட்டுகிற வகை ஒன்று. 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் இருப்பது அதுதான். தானே பூட்டிக்கொள்வது இன்னொன்று. அமெரிக்க ஷெவர்லே பிக்கப்களில் 1973-லிருந்தே உண்டு, நம்மூர் மஹிந்திரா தாரிலும் வந்தது. இரு சக்கரங்களுக்கும் நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் 'டக்'கென்று பூட்டு விழும். கொண்டை ஊசியில் நிதானமாகத் திரும்பும்போது வருகிற வித்தியாசம் முப்பதைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் அங்கே சாதுவாக இருக்கும். 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டவே பூட்டாது.

அப்போ கறாரானதே உசத்தியா என்றால், அதுதான் இல்லை. ஸ்விட்சை அணைக்க மறந்து மலை ரோட்டில் திருப்பினால் வண்டி திரும்பவே அடம்பிடிக்கும். டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கும். மழையில் இன்னும் மோசம். சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாக வழுக்கி, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும். தினம் தார் ரோட்டில் மட்டும் பால் கேன், தக்காளிக் கூடை ஏற்றுகிறவருக்கு, என்னைக் கேட்டால், இது எதுவுமே வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயராகப் போடலாம்.

மாமாவோடு நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நான் முறுக்கு விசை, மடங்கு என்று ஆரம்பிப்பதற்குள் அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, வண்டிய நீங்களே ஓட்டறீங்களா, டிரைவருங்களா?"

"டிரைவருதான். அதுவும் வருசத்துக்கு ரெண்டு பேரு மாறிப் போயிடறாங்கப்பா."

"அப்ப ஸ்விட்ச் வேண்டாமுங்க. தானாப் பூட்டறது இருக்கற வண்டியாப் பாருங்க. சேத்துல மாட்டுனா ஆக்ஸிலேட்டர நறுக்குனு மிதிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வெய்யுங்க. முழு வேகத்துல பூட்டு விழுந்துச்சுன்னா உள்ள பல்லு போயிரும்."

ஹவுசிங்கைப் பிரித்து, கிரவுன்-பினியன் இடைவெளியை மறுபடி செட் பண்ணி வெளியிலிருந்து வாங்கி மாட்டுவதைவிட, கம்பெனியே போட்டுத் தருவதுதான் நிம்மதி, வாரண்டியும் போகாது என்றார். எல்.எஸ்.டி. என்றால் அதற்கென்று உள்ள ஆயில்தான் ஊற்றணும். சாதா கியர் ஆயிலை ஊற்றினால் திருப்பத்தில் வண்டி வெடவெடவென்று நடுங்கும். எதுவானாலும் பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த ரீட்ரெட் என்று போடக்கூடாது. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றால் நேர் ரோட்டில்கூட உள்ளே ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்குமாம்.

மாமா வாசலில் நின்ற தன் பழைய வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இடது பக்கம் புத்தம் புது டயர். வலது பக்கம், இரண்டாவது தடவை ரீட்ரெட் பண்ணியது.

"அத வித்துப்போட்டு, புது வண்டிக்கு ஜோடியா வாங்குங்க மாமா" என்று மெக்கானிக்கே உறவு கொண்டாடிவிட்டார்.