அறுபதுக்குப் பின் எண்ணெய்க் கணக்கு

ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க நம் கிளைகளுக்கு வரும் ஓய்வூதியர்களின் பேச்சில், வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாக அடிபடுவது இரத்தப் பரிசோதனை அறிக்கைதான். எண்ணெயை அறவே விட்டுவிட்டதாகப் பெருமையுடன் கூறுவோரும் அவர்களுள் உண்டு. அப்பெருமையை நாம் சற்றே ஐயத்துடன் நோக்க வேண்டியுள்ளது.

முப்பது வயதில் உண்ட அதே உணவு அறுபதில் அதே விளைவைத் தருவதில்லை. எல்.டி.எல். எனப்படும் கொழுப்புத் துகள்களை இரத்தத்திலிருந்து பெருமளவு அகற்றுவது கல்லீரல். வயது ஏற ஏற அதன் இத்திறன் தளர்வதால், உணவு மாறாவிடினும் எல்.டி.எல். உயர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இவ்வுயர்வு விரைவுபெறும். விருந்துக்குப்பின் இரத்தத்தில் கலக்கும் ட்ரைகிளிசரைடும் முதியவர் உடலில் நெடுநேரம் தங்குகிறது.

இதனாலேயே எண்ணெயை முற்றிலும் துறப்பது தீர்வாகிவிடாது. எண்ணெய் விட்ட இடத்தைப் பெரும்பாலும் சோறோ சப்பாத்தியோ நிரப்புகிறது. மிகையான மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுவதால், எண்ணெயே தொடாதவரின் ட்ரைகிளிசரைடும் 150 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டக்கூடும். மறுபுறம், பசி குன்றிய முதியோருக்குக் கிராமுக்கு 9 கலோரி தரும் கொழுப்பும் இல்லையெனில் உடல் எடை குறையும், தசை வற்றும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு வேண்டும்.

அளவு என்ன? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடலுழைப்புக் குறைந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும் பரிந்துரைக்கிறது. ஓய்வுபெற்ற தம்பதியர்க்கு இது மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். நெய்யும் வெண்ணெயும் இக்கணக்கிலேயே அடங்கும். மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தாலே நிலை விளங்கிவிடும்.

அளவினும் வகை முக்கியம். உடல் தானாக உருவாக்க இயலாத ஒமேகா-3 கொழுப்பு அமிலம் கடுகு எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் உண்டு. சூரியகாந்தியிலும் கடலையிலும் அது இல்லையென்றே சொல்லலாம். ஆகவே வங்காளத்து அடுக்களைக்கு இயல்பாய்க் கிடைக்கும் நன்மையைத் தென்னாட்டு அடுக்களை தேடிச் சேர்க்க வேண்டும். தாவரத்திலிருந்து பெறும் இவ்வமிலத்தில் மிகச் சிறு பங்கையே உடல் டி.எச்.ஏ.வாக மாற்றுகிறது, மீனிலோ அது நேரடியாகவே உள்ளது. மீன் உண்போர் முள்ளுக்கு அஞ்சி அதைக் கைவிடுவதும், பல் தளர்ந்தோர் வால்நட்டை ஒதுக்குவதும் நாம் காண்பவை. முள் நீக்கிய துண்டுகளும், பொடித்த ஆளிவிதையும் வால்நட்டும் இதற்கு எளிய மாற்று.

வனஸ்பதி முதலானவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் வடை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும் வழக்கத்தை எவ்விதியும் நம் வீட்டுக்குள் வந்து தடுக்காது. கொழுப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், அறிக்கையில் எண் இறங்கியது கண்டு மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்பது நன்று. அடுத்த எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும் நாளை அதன்மேலேயே எழுதிவைத்தால், அது எத்தனை நாளில் தீர்ந்தது என்பது ஐயமறத் தெரியவரும்.