காரை இறக்கப் போறீங்களா? தினசரி காருக்கு காயிலோவர் சஸ்பென்ஷன் தேர்வு செய்வது எப்படி?

பூண்டியாங்குப்பம் - சட்டநாதபுரம் இடையிலான 57 கி.மீ. நான்குவழிச் சாலையை, 2025 ஏப்ரல் 6 அன்று ராமேஸ்வரத்தில் நடந்த விழாவில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் காரில் போய்வருபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ரோடு நல்லா ஆகிட்டா, அடுத்து வரும் ஆசை, "காரைக் கொஞ்சம் இறக்கி, காயிலோவர் போட்டா என்ன?" என்பதுதான்.

ஆனால் அதே கார் கடலூர் முதுநகரின் குறுகலான தெருக்களிலும், கிராமச் சாலைகளின் வேகத்தடைகளிலும், மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரிலும் ஓட வேண்டும். எனவே காயிலோவரை நல்ல ரோட்டுக்காக அல்ல, தினமும் கடக்கும் மோசமான ரோட்டுக்காகத் தேர்வு செய்ய வேண்டும்.

காயிலோவர் என்றால் என்ன?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பக் குதிக்காமல் அடக்குவது டாம்பர், அதாவது நாம் ஷாக் அப்சார்பர் என்று சொல்வது. டாம்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்திருந்தால் அதுதான் காயிலோவர்.

அப்படிப் பார்த்தால், பெரும்பாலான சின்ன கார்களின் முன்பக்க மேக்பெர்சன் ஸ்ட்ரட்டும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். கடையில் 'காயிலோவர் கிட்' என்று விற்பதில் கூடுதலாக இருப்பது அட்ஜஸ்ட் செய்யும் வசதி. டாம்பர் பாடியில் மரை இருக்கும். அதில் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றலாம். பல கிட்களில் டாம்பரின் இறுக்கத்தை மாற்ற ஒரு திருகும் இருக்கும்.

ஸ்விஃப்ட் போல பின்பக்கம் டார்ஷன் பீம் உள்ள கார்களில், பொதுவாக ஸ்பிரிங்கும் டாம்பரும் தனித்தனியாகவே இருக்கும். அங்கே 'காயிலோவர்' என்று வருவதும் தனி ஸ்பிரிங், உயரம் மாற்றும் ஒரு வளையம், தனி டாம்பர்தான். இது குறை இல்லை. தெரிந்து வாங்கினால் போதும்.

எவ்வளவு இறக்கலாம்?

ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அதை 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 133 மி.மீ. ஆட்கள் ஏறினால் இன்னும் குறையும்.

இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதல்படி, வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2.45 மீட்டர். அதாவது நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் அந்த மேட்டின் மீது நிற்க முடியும். அப்போது காரின் அடிப்பக்கத்தை நோக்கி மேடு எழும்புவது சுமார் 44 மி.மீ. மட்டுமே. இறக்கிய கார்கூட தட்டாமல் போய்விடும்.

சிக்கல், விதிப்படி இல்லாத குறுகலான மேடுகளில். 10 செ.மீ. உயரமுள்ள ஒடுக்கமான மேடு சக்கரங்களுக்கு நடுவே வரும்போது முழு 100 மி.மீ.யும் அடிப்பக்கத்தை நோக்கி நிற்கும். 133-ல் மிச்சம் 33. வண்டியில் நாலு பேர், பிரேக் போட்டு மூக்கு குத்திய நிலை என்றால், "டங்"னு சத்தம் கேட்டுவிடும். அடிபடுவது ஆயில் சம்ப்பாகக்கூட இருக்கலாம்.

தினசரி காருக்கு 10 முதல் 20 மி.மீ.க்கு மேல் இறக்காமல் இருப்பதே நல்லது. கம்பெனி உயரத்திலேயே வைத்துக்கொண்டு டாம்பரை மட்டும் மேம்படுத்துவதும் நல்ல முடிவுதான்.

உயரம் மாற்றுவதில் இரண்டு வகை

ஒரு வகையில், ஸ்பிரிங் உட்காரும் தட்டைக் கீழே இறக்கினால் கார் இறங்கும். ஆனால் சக்கரம் மேலே வருவதற்கான இடமும் அதே அளவு குறையும். பள்ளத்தில் விழுந்தால் டாம்பர் கடைசி வரை அமுங்கி ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். "தூக்கிப் போடுது" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வகையில், டாம்பரின் கீழ்ப்பகுதி தனியாகத் திருகும். டாம்பருக்குள் இருக்கும் இடம் குறையாமலேயே உயரம் மாறும். விலை கூடுதல் என்றாலும் தினசரி காருக்கு இதுவே பொருத்தம்.

ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம்?

ஸ்பிரிங் பலத்தை 'கிலோ/மி.மீ.' என்று குறிப்பார்கள். பின்பக்கம் இரண்டு பேரும் டிக்கியில் சாமானுமாக 140 கிலோ ஏறுகிறது, ஒரு சக்கரத்துக்கு 70 கிலோ என்று வையுங்கள். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர்மேலே இருப்பதாக எடுத்துக்கொண்டால், 2 கிலோ/மி.மீ. ஸ்பிரிங் 35 மி.மீ. அமுங்கும், 5 கிலோ/மி.மீ. ஸ்பிரிங் 14 மி.மீ.தான் அமுங்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பள்ளமும் அதே இறுக்கத்தோடு பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் இடுப்புக்குப் போகும். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஓடும் ரேஸ் காரில் பின்சீட்டில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் டிராக்குக்கான கிட்டைத் தவிர்த்து, ஸ்ட்ரீட் கிட் கேளுங்கள். கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் மட்டும் இறுக்கமானது போதும்.

டாம்பர் திருகை முதலில் மிருதுவான பக்கத்தில் வைத்து, இரண்டு இரண்டு கிளிக்காக ஏற்றி, ஒரே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். இடமும் வலமும் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். உயரம் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோர ஊருக்கு இது தனிக் கவனம். இரும்பு மரையும் அலுமினிய வளையமும் ஈரத்திலும் உப்பிலும் சேர்ந்தால் அரித்து இறுகிவிடும். அப்புறம் 'அட்ஜஸ்டபிள்' என்பது பெயரில் மட்டும்தான் இருக்கும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஓடிய காரின் மரையை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, துருத்தடுப்பு கிரீஸ் பூச வேண்டும். ஜெர்மனியின் கேடபிள்யூ நிறுவனம் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடியுடன் கிட்கள் தருகிறது. விலை அதிகம். எந்த பிராண்டாக இருந்தாலும், மரைக்கு என்ன பூச்சு, டஸ்ட் கவர் உண்டா என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். கிட் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் கிளெய்முக்கே சிக்கலாகலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* என் கார் மாடலுக்கென்றே செய்ததா, பொதுவான கிட்டா?
* உயரம் மாற்றினால் டாம்பருக்குள் இடம் குறையுமா?
* முன், பின் ஸ்பிரிங் எத்தனை கிலோ/மி.மீ.?
* ஆயில் கசிந்தால் சீல் மாற்றித் தருவீர்களா, ஒரு டாம்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?
* பழைய சஸ்பென்ஷனைத் திருப்பித் தருவீர்களா?

ஒரு லட்சம் கி.மீ. ஓடி டாம்பர் தேய்ந்த காரில், கம்பெனியின் புது டாம்பரும் ரப்பர் புஷ்களும் மாற்றினாலே வண்டி பழையபடி பிடித்து ஓடும். முதலில் அதைச் செய்து பாருங்கள். அதற்கு மேலும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், காயிலோவர் பற்றி யோசிக்கலாம்.